இரண்டாவது தூம்பா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அது எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. இப்படி இரண்டு பேரைப் பிடித்துக் கல்யாணம் செய்து வைத்து, கப்பலேற்றி, மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. அவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கோயிலுக்கு உபதேசியார். சாமியார் ஈப்போவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவது, செத்தால் அடக்கம் செய்வது எல்லாம் இவர் பாடு. கோயிலைக் கூட்டுவதும் துணி தைப்பதும் என் பாடு.

கோயிலென்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, உள்ளே ஒரு மாதா சுரூபம். மழை பெய்தால் மாதாவுக்குக் குடை பிடிக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் தூம்பா இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூம்பா என்பது கோயிலுக்குச் சொந்தமான சவப்பெட்டி. கறுப்புச் சாயம் பூசி, மூடி போட்டு, தோளில் வைத்துத் தூக்க நாலு கைமரம் வைத்திருக்கும். யார் செத்தாலும் அதில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பிணத்தைப் பாயோடு எடுத்துக் குழியில் இறக்கிவிட்டு, பெட்டியைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஆளுக்கொரு பெட்டி செய்ய வக்கில்லாத ஜனங்களுக்கு ஒரே பெட்டி. இதைவிடச் சமத்துவமான சாமான் கோயிலில் வேறு இல்லையென்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தூம்பாவை ஈப்போவில் ஒரு சீனத் தச்சர் செய்தார். அது ரயிலில் சுங்கை சிப்புட் வரை வந்தது. அங்கிருந்து தோட்டத்துக்குச் செம்மண் சாலையில் மூன்று மைல் தலையில் தூக்கி வந்தவர்கள் கீழ் லயத்து ஆட்கள்.

மேல் லயம், கீழ் லயம் என்று கூலிக்காரர்களின் வரிசை வீடுகள் இரண்டு இருந்தன. ஊரில் இருந்த தெருக்களை அப்படியே மடித்துக் கப்பலில் எடுத்து வந்து இங்கே விரித்துப் போட்டிருந்தார்கள். மேல் லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருபது இருக்கும். கீழ் லயத்தில் ஏழு. கோயிலில் மேல் லயத்தார் முன்னால் உட்காருவார்கள், கீழ் லயத்தார் வாசலையொட்டி உட்காருவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாங்களும் பிறப்பால் மேல் லயத்துச் சாதிதான். பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது.

கீழ் லயத்தில் ஒரு ரப்பர்ப் பால்வெட்டுக்காரர் இருந்தார். நல்ல உயரம், குரல் மட்டும் தாழ்ந்து வரும். என் வீட்டுக்காரரிடம் வேலை முடிந்து வந்து எழுத்துப் படித்தார். மேல் லயத்தில் வயதில் மூத்த ஆண்களையெல்லாம் நான் அண்ணே என்பேன். இவரை 'ஏப்பா' என்பேன், 'நீ' என்பேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். 'அவர்' என்று எழுத இப்போதுதான் கை வருகிறது, அதுவும் அந்தத் தோட்டத்தில் யாரும் பார்க்காத காகிதத்தில்.

இவருடைய மனைவிக்குக் காய்ச்சல் கண்டு, ஒரு வாரம் கிடந்து, ஒருநாள் காலையில் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடிந்த நேரத்தில் போய்விட்டாள். தூம்பா வந்த பிறகு கீழ் லயத்தில் விழுந்த முதல் சாவு அது. அதற்கு முன்னால் செத்தவர்கள் பத்துகாஜா ஊர் ஆஸ்பத்திரியில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். அதனால் இந்தக் கேள்வி எழாமலே இருந்திருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவுமில்லை.

அவர் வந்து கோயில் வாசலில் நின்று, தூம்பா வேண்டுமென்று கேட்டார். அழவில்லை. என் வீட்டுக்காரர் கொட்டகைக் கதவைத் திறக்கப் போனார். அதற்குள் மேல் லயத்துக் கங்காணி வந்துவிட்டார்.

கங்காணி என்றதும் மீசையும் பிரம்புமாக ஒருவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய வெள்ளியில் பாடுகளின் புத்தகத்தை வாசிக்கும்போது சேசுவைச் சிலுவையில் அறையும் இடம் வந்தால் வாசிக்க முடியாமல் தேம்பித் தேம்பி அழுகிறவர். எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்காத வாரமில்லை. என்னைத் தங்கச்சி என்பார். அவர் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் சொன்னார். நான் சன்னலுக்கு உள்ளே நின்று கேட்டேன்.

"நான் தடுக்கலை உபதேசியாரே. எடுத்துக் குடுங்க. ஆனா அது அப்புறம் அவங்களோடவே இருக்கட்டும். நாளைக்கு நாங்க படுக்கிற பலகை அது. எங்க ஆளுங்க கோயிலுக்கு வாரதும் இன்னியோட சரி. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

இருபது குடும்பம். என் வீட்டுக்காரர் கொட்டகைக் கதவில் கை வைத்தபடி நின்றார். சாமியாருக்கு ஆள் அனுப்பினாலும் மறுநாளுக்கு முன் வர முடியாது. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது, சாயங்காலத்துக்குள் எடுத்தாக வேண்டும். மேல் லயத்தார் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலோடு போய்ச் சேர்ந்துகொண்டால் இங்கே கோயிலே இராது, கீழ் லயத்தார் ஏழு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் இராது என்று அவர் கணக்குப் போட்டார். பிறகு உள்ளே வந்து என்னிடம், இரண்டு பேரில் யாருக்குத் தாழ்ச்சி இருக்கிறதோ அவர்தான் விட்டுக்கொடுக்க முடியும் என்றார். கங்காணியிடம் போய்த் தாழ்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கங்காணி கேட்க மாட்டாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்கக் கூடியவரிடம்தான் எதையும் கேட்க முடிகிறது.

செத்தவள் பெண், அதனால் நீ போய்ச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பாத்திரத்தை எறிந்திருப்பேன். எறியவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

கீழ் லயத்தில் அவளைக் குளிப்பாட்டி, பாயில் கிடத்தி, நெஞ்சின்மேல் செபமாலை வைத்திருந்தார்கள். நான் பால்வெட்டுக்காரரை வெளியே கூப்பிட்டு, தூம்பா இல்லையென்று சொன்னேன். விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஆறுதலாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்று தோன்றியது. சேசுநாதரையே துணியில் சுற்றித்தானே கல்லறையில் வைத்தார்கள், அவருக்கு ஏது பெட்டி என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கு அழகான பேச்சாகத் தோன்றியது. சிஸ்டர்மாரிடம் படித்தவள் அல்லவா, வேதத்திலிருந்து எடுத்துச் சொல்ல வந்துவிடும்.

 அவர் "சரிங்கம்மா" என்றார். உள்ளே போய் ஆட்களிடம் பாயைக் கட்டச் சொன்னார்.

பால் வாளிகளை மாட்டித் தோளில் சுமக்கிற காண்டாக் கம்பு இருக்கிறதே, அதில்தான் பாயைக் கட்டினார்கள். ஒரு கம்பு போதாதென்று இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் சிலுவையைப் பிடித்துக்கொண்டு மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். நடக்கும்போது பாய் ஆடிற்று. அவள் காலில் ஒன்று வெளியே வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் கம்பைத் தோளிலிருந்து இறக்காமலே ஒரு கையால் அதை உள்ளே தள்ளிவிட்டார்.

கல்லறைக்குப் போகும் வழி மேல் லயத்தைக் கடந்துதான் போகிறது. ஜனங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சவம் கடந்தபோது எல்லோரும் முழந்தாளிட்டார்கள். பெண்கள் அழுதார்கள். கங்காணி தலைப்பாகையை எடுத்துவிட்டு, கண்ணை மூடி, அவள் ஆத்துமத்துக்காகச் சத்தமாக வேண்டிக்கொண்டார். பொய்யில்லை, மனதாரத்தான் வேண்டினார். அவர்கள் சிரித்திருந்தால், அல்லது கதவைச் சாத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு மனிதரை வெறுத்துத் தீர்த்துவிடலாம். முழந்தாளிட்டு அழுகிறவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாரியம்மன் கோயில்காரர்களும் ஓரமாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதம் சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், தாடி நரைத்தவர், எங்கள் தமிழையே எங்களுக்குப் புதிதாகக் கேட்கும்படி பேசுவார். நான் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குப் பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டு, வெளியே வந்து என்னை அதையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, என் வீட்டுக்காரரையும் கங்காணியையும் கூப்பிட்டு உட்காரவைத்து மிகவும் கடிந்துகொண்டார். கங்காணி வீட்டில் சாப்பிடவும் மறுத்துவிட்டார். நான் உள்ளுக்குள் குளிர்ந்தேன். ஒரு பூசையில் எல்லாம் மாறிவிடுமென்று நம்பினேன்.

சாயங்காலம் வரை பேச்சு நடந்தது. மேல் லயத்துப் பெரியவர்கள் வந்தார்கள், அழுதார்கள், காலில் விழுந்தார்கள், ஆனால் பலகை விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. சாமியார் களைத்துப் போனார். கடைசியில், முதலில் சமாதானம் வேண்டும், மனம் மாற நாளாகும், அதுவரை கீழ் லயத்தாருக்கென்று இன்னொரு தூம்பா செய்யலாம் என்று முடிவு சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக்கூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்பாடா என்று இருந்தது.

அந்தப் பெட்டிக்கு அதிகமாக ஓடியாடியவர் கங்காணிதான். தானே ஈப்போவுக்குப் போய், தச்சரோடு கூடவே நின்று, நல்ல மரமாகப் பார்த்துச் செய்யச் சொன்னார். பழையதைவிட அது அழகாக வந்தது. பித்தளைப் பிடி வைத்திருந்தது. மூடியின்மேல் போர்த்தக் கறுப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை வைத்து நான் தைத்தேன். இரண்டு வாரம் தைத்தேன். விளிம்பில் பூவேலைகூடச் செய்தேன். அன்றைக்குச் சொன்ன பேச்சை ஊசியால் தைத்து மூடிவிடலாமென்று நினைத்தேனோ என்னவோ.

பெட்டியைச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்துக் கொடுத்ததும், மாட்டுவண்டியில் கீழ் லயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர்கள் மரியாதையாக எழுந்து நின்று பார்த்தார்கள். நன்றாக இருக்கிறதென்றார்கள். வைக்க இடமில்லாததால் அது திரும்பி வந்து எங்கள் கொட்டகையிலேயே, பழையதற்குப் பக்கத்தில், நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றது.

மூன்று மாதத்தில் கீழ் லயத்தில் ஒரு வயதானவர் செத்தார். பெட்டி கேட்டு யாரும் வரவில்லை. கேட்கத் தயங்குகிறார்களோ என்று அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். அவர்கள் ஏற்கெனவே பாயைக் காண்டாக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவியை அப்படிக் கொண்டுபோன அவர்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி வந்திருக்கிறதே, ஏனப்பா இப்படி என்றேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"நல்ல பெட்டிதாம்மா. நீங்க தைச்ச துணியும் நல்லாருக்கு. ஆனா அதுல ஏறிட்டா, நாங்க வேறதான்னு நாங்களே ஒத்துக்கிட்டதா ஆயிரும். பாயில போனா, பெட்டி கிடைக்கலைன்னு மட்டுந்தானே இருக்கு."

வேத வசனம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வண்டிக்காரன் மாட்டை ஓட்டவா என்று என்னைப் பார்த்தான். நான் அன்றைக்குப் பேசியதற்காக என்னை மன்னிக்கும்படி அவரிடம் கேட்டேன். கேட்கும்போதும் 'மன்னிச்சிருப்பா' என்றுதான் வந்தது.

"அன்னிக்கே மன்னிச்சாச்சும்மா. மன்னிக்காம எப்படிப் பூசையில நாக்கை நீட்டி நன்மை வாங்குவேன்? அதுக்காகப் பெட்டியை எடுத்துக்கச் சொல்லாதீங்க."

அவர் வாசலையொட்டி உட்கார்ந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார். என் வீட்டுக்காரரிடம் படிப்பதையும் நிறுத்தவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நான் சமாதானம் செய்யப் போயிருப்பேன், அதில் எனக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும். அவர் மன்னித்துவிட்டார். மன்னித்துவிட்ட மனிதர் முன்னால் நமக்குச் செய்ய ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கொட்டகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மழைக்காலத்தில் புதுப் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், நான் போய்த் துடைப்பேன். ஒருமுறைகூட யாரும் படுக்காத பெட்டியைத் துடைப்பது போல வெறுப்பான வேலை வேறில்லை.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்று வண்டி சொல்லியிருந்தோம். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. சாமியார் முந்தின வாரம்தான் வந்து போயிருந்தார். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. மேல் லயம் முழுக்க எங்கள் வீட்டில் வந்து நின்றது. கங்காணி கூடப் பிறந்தவர் போல எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். அவர் மகள் என்னைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பழைய தூம்பாவைத் துடைத்து, மெழுகுதிரி ஏற்றி, அவரை அதில் கிடத்தினார்கள். நாலு கைமரத்துக்கும் நாலு பேர், மாற்றுத் தோளுக்கு இன்னும் நாலு பேர் என்று ஆள் பிரித்தாயிற்று.

அப்போது அடுப்பங்கரைப் பக்கத்து வாசலில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன். கீழ் லயத்துப் பால்வெட்டுக்காரர் நின்றிருந்தார். கையிலும் காலிலும் செம்மண். காலையிலிருந்து குழி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. மனைவி செத்தபோது அழாத மனிதர் எனக்கு முன்னால் நின்று அழுதார். எங்களிடம் அவர் கேட்டது இரண்டே முறை. முதல் முறை தூம்பா கேட்டார். இது இரண்டாவது.

"ஐயாவுக்கு நானும் ஒரு தோள் குடுக்கலாமாம்மா? கொஞ்ச தூரம் போதும்."

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டு முன்வாசல் வழியாகக் கங்காணி தெரிந்தார். அவருக்குக் கேட்டிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைமரத்தைப் பிடித்தவர்களும் பார்த்தார்கள். செத்தவனின் பெண்டாட்டி சொல்லுக்கு அன்றைக்கு ஒருநாளாவது மதிப்பு உண்டு. 'வா அண்ணே' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்களோ, சவத்தை நடு வாசலில் போட்டுக்கொண்டு நான் ஒற்றையாக நிற்பேனோ என்று பயம் வந்தது. கொட்டகைக் கதவில் கை வைத்து நின்றாரே என் வீட்டுக்காரர், அதே பயம்தான். அவரை எத்தனை நாள் அதற்காகக் குத்திக்காட்டியிருக்கிறேன்.

குழியைப் பார்த்துக்கொள்ளப்பா, அதுதான் முக்கியம் என்றேன்.

 அவர் வந்த வழியே திரும்பிப் போனார். தூம்பாவைத் தூக்கினார்கள். பாட்டும் மணியும் எல்லாம் முறையாக நடந்தன. கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் எங்களுக்கு முன்னாலேயே போய்க் குழிக்குள் இறங்கி நின்றிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. பெட்டியைத் திறந்து பாயோடு எடுத்துக் கயிற்றில் மெதுவாக இறக்கினார்கள். அவர் இரண்டு கையையும் நீட்டி என் வீட்டுக்காரரை வாங்கி, மார்போடு அணைத்து, குனிந்து, மண்ணில் கிடத்தினார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. மேலே நின்றவர்களில் ஒருவரும் அதைத் தடுக்கவில்லை. குழி வேலை எப்போதும் கீழ் லயத்தாருடையதுதான்.